மேல் வீட்டுக் குளியலறையும் கீழ் வீட்டுச் சுவரும்: டர்பன் வாடகைக் குடியிருப்பில் ஒரு பழுதுப் புகார்

டர்பன் நகரின் தென்மேற்கே, அரசு மானியத்துடன் கட்டப்பட்ட நான்கு மாடி வாடகைக் குடியிருப்பு ஒன்றில் தனியே வசிக்கும் எழுபது வயதைக் கடந்த தமிழ்ப் பெண்மணி ஒருவரின் படுக்கையறைச் சுவர் ஓதம் ஏறத் தொடங்கியதிலிருந்து அந்தப் பழுது உண்மையாகவே தீர்க்கப்படும் வரை ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆயிற்று. அந்தக் காலத்தில் அவருடைய புகார் குடியிருப்பு அலுவலகத்தின் பதிவேட்டில் மூன்று முறை பதியப்பட்டு, மூன்று முறையும் 'வேலை முடிந்தது' என்ற குறிப்போடு மூடப்பட்டது. வாடகையாளர்களுக்கு மனு எழுத உதவும் தன்னார்வலன் என்ற முறையில் இந்த விவகாரத்தின் பிற்பகுதியில் நான் உடன் இருந்தேன். அதற்கு முன் நடந்தவற்றை அவருடைய கடிதங்களிலிருந்தும் வேலைச் சீட்டுகளிலிருந்தும் தொகுத்திருக்கிறேன். அவருடைய பெயரையும், கட்டடத்தையும் நிர்வாகத்தையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் இங்கே தரவில்லை. அக்கம்பக்கத்தார் எல்லோரும் அழைப்பதுபோல் அவரை ஆயா என்றே குறிப்பிடுகிறேன்.

சட்டப் பின்னணியை முதலில் சொல்லிவிட வேண்டும். தென்னாப்பிரிக்காவின் 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 10ஆம் பிரிவு மனித மாண்பையும், 26ஆம் பிரிவு போதுமான வீட்டுவசதியைப் பெறும் உரிமையையும் உறுதி செய்கின்றன. இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்பதை 2000ஆம் ஆண்டில், வீடற்றவர்கள் தொடுத்த குரூட்பூம் வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் தெளிவாக்கியது. அத்தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸாக் யாக்கூப் டர்பன்காரர் என்பது இங்குள்ள நம் மக்களுக்குப் பெருமை தரும் செய்தி. ஆனால் வீடே இல்லாதவர்களின் உரிமையைப் பற்றிப் பேசப்பட்ட அளவுக்கு, வீடு கிடைத்த பிறகு அந்த வீட்டின் கூரையும் சுவரும் குழாயும் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பது பேசப்படவில்லை. 1999ஆம் ஆண்டின் வாடகை வீட்டுவசதிச் சட்டம் வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையிலான தகராறுகளை விசாரிக்க மாகாணந்தோறும் தீர்ப்பாயம் அமைக்க வழி செய்தது. 2008ஆம் ஆண்டின் சமூக வீட்டுவசதிச் சட்டம், குறைந்த வருவாயினருக்கு மானியத்தில் வாடகை வீடு கட்டி நிர்வகிக்கும் நிறுவனங்களை ஒரு கண்காணிப்பு அமைப்பின் கீழ் கொண்டுவந்தது. எனவே ஆயாவின் வழக்கில் சட்டம் இல்லாத குறை எதுவும் இல்லை. குறை இருந்தது, பழுது என்று எதைக் கணக்கில் எடுத்தார்கள், யாருடைய சொல்லை நம்பினார்கள் என்பதில்தான்.

நம் மக்களுக்கு இது புதிய அனுபவமும் அல்ல. 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின் பெயரால் கேட்டோ மேனரிலிருந்தும், நகராட்சித் தொழிலாளர்களான தமிழரும் தெலுங்கரும் தலைமுறைகளாக வாழ்ந்த மேகசின் பாரக்ஸிலிருந்தும் பெயர்க்கப்பட்ட குடும்பங்கள் 1960களில், டர்பனில் இந்தியருக்கென ஒதுக்கப்பட்ட சாட்ஸ்வொர்த்துக்கு வந்தன. அந்த வீடுகள் மலிவாகவும் வேகமாகவும் கட்டப்பட்டவை. 1999ஆம் ஆண்டிலும் அதை ஒட்டியும் சாட்ஸ்வொர்த்தின் பேவியூ, வெஸ்ட்கிளிஃப் அடுக்குமாடிகளில் வாடகைப் பாக்கிக்காக ஆட்களை வெளியேற்ற முயன்றபோது, சமூகப் போராளி ஃபாத்திமா மீர் போன்றோர் அங்கு போய்ப் பார்த்து எழுப்பிய கேள்விகளில் வாடகைப் பாக்கி மட்டும் இல்லை. அந்த வீடுகளின் சீர்கேடும் இருந்தது. ஆயா சிறு பிள்ளையாகக் கேட்டோ மேனரிலிருந்து வந்தவர். இன்று அவர் இருக்கும் கட்டடம் பிற்காலத்தது, நல்ல செங்கல் வேலை, முன்புறம் புல்தரை எல்லாம் உண்டு. ஆகவே பழைய கட்டடம் என்பதால் வந்த கேடு என்று இதைத் தள்ளிவிட முடியாது.

முதல் புகார் மே மாதத்தில் கொடுக்கப்பட்டது. படுக்கையறையில், கட்டிலின் தலைமாட்டுக்கு மேலே, கூரையும் சுவரும் சேரும் மூலையில் தட்டு அளவுக்குப் பழுப்பு வட்டம் ஒன்று தோன்றியிருந்தது. அதன் விளிம்பு நடுப்பகுதியைவிடக் கருத்திருந்தது. ஜூலையில் ஆள் வந்து அந்த இடத்தைச் சுரண்டி வெள்ளை அடித்துவிட்டுப் போனார். ஆகஸ்டில் வட்டம் திரும்பி வந்தது, பூச்சு உப்புப் பூத்துப் பொரிந்து கட்டில் மேல் உதிர்ந்தது. இரண்டாவது புகாருக்கு ஜன்னல் சட்டத்தைச் சுற்றிச் சிலிக்கான் பூசினார்கள், மழைத் தண்ணீர் ஜன்னல் வழியாக வருகிறது என்ற எண்ணத்தில். டர்பனில் மே முதல் ஆகஸ்ட் வரை மழை குறைந்த காலம். மழை குறைந்த காலத்தில் தோன்றி வளர்ந்த ஓதத்துக்கு மழையைக் காரணமாகச் சொல்லும் முன் யாராவது நாட்காட்டியைப் பார்த்திருக்கலாம்.

மூன்றாவது வருகைதான் இந்த விவகாரத்தின் மையம். புரட்டாசிச் சனிக்கிழமை ஒன்றில், முன்னறிவிப்பு ஏதும் இல்லாமல், மேற்பார்வையாளர் ஒருவரும் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவரும் வந்தார்கள். புரட்டாசி மாதம் முழுவதும் கவிச்சி தொடாமல் விரதம் இருந்து சனிக்கிழமைதோறும் பூசை செய்வது இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இன்றும் விடாமல் இருக்கும் வழக்கம். அன்று ஆயா வீட்டில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வருவதாக இருந்ததால் அடுப்பில் பெரிய சட்டிகள் கொதித்துக்கொண்டிருந்தன, சாமி மேடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வந்தவர்கள் சட்டிகளையும் விளக்கையும் படம் எடுத்தார்கள். படுக்கையறைச் சுவரைக் கையால் தொட்டுப் பார்த்தார்கள். ஈரமானி எதுவும் கொண்டுவரவில்லை. வேலைச் சீட்டில் எழுதப்பட்டது இது: சமையல் ஆவியாலும் தொடர்ந்து விளக்கு எரிப்பதாலும் உண்டான ஈரப்பதம், ஜன்னலைத் திறந்து வைக்குமாறு குடியிருப்பவருக்கு அறிவுரை கூறப்பட்டது, வேலை முடிந்தது.

"நான் சொன்னத அவங்க கேக்கவே இல்ல தம்பி, சட்டியத்தான் பாத்தாங்க" என்று ஆயா பின்னாளில் என்னிடம் சொன்னார். அந்தச் சீட்டின் நகல் கைக்கு வந்த பிறகு அவர் இரண்டு மாதம் அலுவலகப் பக்கமே போகவில்லை. உறவினர் வந்தால் படுக்கையறைக் கதவைச் சாத்திவிடுவார். வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளத் தெரியாதவள் என்று தன் மேல் எழுதப்பட்டுவிட்டதாகவே அவர் அதை எடுத்துக்கொண்டார், அவர் எடுத்துக்கொண்டதில் தவறில்லை. பழுதுக்கான காரணம் சுவரிலிருந்து நகர்ந்து குடியிருப்பவரின் நடத்தைக்குப் போய்விட்ட பிறகு, அடுத்த முறை புகார் செய்வது என்பது தன்னைத் தற்காத்துக்கொள்வதாக மாறிவிடுகிறது.

இங்கிலாந்தில் இதே எண்ணம் எந்த எல்லை வரை போகும் என்பது உலகறிய நடந்தது. ராச்டேல் நகரில் சமூக வீட்டுவசதிக் குடியிருப்பொன்றில் வாழ்ந்த அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை, வீட்டில் படர்ந்திருந்த பூஞ்சையால் மூச்சுக்குழல் பாதிக்கப்பட்டு 2020 டிசம்பரில் இறந்தது. பெற்றோர் திரும்பத் திரும்பப் புகார் செய்தும், குடும்பத்தின் வாழ்க்கைமுறையே ஈரத்துக்குக் காரணம் என்ற அனுமானத்தில் நிர்வாகம் இருந்ததை அது பின்னர் ஒப்புக்கொண்டது. அதன் விளைவாக 2023இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ், 2025 அக்டோபர் 27 முதல், அவசர ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும்; கணிசமான ஆபத்து என்றால் 10 வேலை நாட்களுக்குள் ஆய்வும், ஆய்வு முடிந்து 5 வேலை நாட்களுக்குள் பாதுகாப்பு நடவடிக்கையும், கண்டறிந்தவற்றை எழுத்தில் குடியிருப்பவருக்குக் கொடுப்பதும் கட்டாயம். நம் நாட்டில் அப்படிக் கால வரையறை கொண்ட விதி வேண்டும் என்று நான் நினைக்கிறேன். ஆனால் காலக்கெடு மட்டும் இருந்திருந்தால் ஆயாவுக்கு என்ன கிடைத்திருக்கும்? வெள்ளையடிப்பு ஜூலைக்குப் பதிலாக மே மாதமே நடந்திருக்கும், அவ்வளவுதான்.

உண்மைக் காரணத்தைக் கண்டுபிடிக்க உதவியது ஆயாவின் சமையலறைக் காலண்டர். அமாவாசை, கார்த்திகை, சஷ்டி எல்லாம் குறித்த தமிழ் மாதக் காலண்டர் அது. ஒவ்வொரு காலையும் சுவரைத் தொட்டுப் பார்த்து, ஈரமாக இருந்த நாளைப் பென்சிலால் சுழித்து வைத்திருந்தார். அதைப் புரட்டியபோது டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை சுழி எதுவும் இல்லை. டிசம்பர் டர்பனில் மழையும் புழுக்கமும் மிகுந்த மாதம். ஆயா அந்த மாதமும் வழக்கம்போல் சமைத்தார், விளக்கேற்றினார். மழையோ சமையல் ஆவியோ காரணமாக இருந்தால் சுவர் ஆண்டிலேயே அதிகமாக நனைந்திருக்க வேண்டிய நாட்கள் அவை. மாறாக, சுவர் காய்ந்திருந்தது. அந்த நாட்களில் கட்டடத்தில் வேறு என்ன மாறியிருந்தது என்று கேட்டபோது ஆயாவே விடை சொன்னார்: மேல் வீட்டில் இருக்கும் ஜூலுக் குடும்பம் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சொந்த ஊருக்குப் போயிருந்தது.

இதற்குப் பின் செய்யப்பட்ட சோதனைகள் எளியவை, செலவும் குறைந்தவை. இவற்றைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் இதே நிலையில் இருக்கும் பலருக்குப் பயன்படும். முதலில், அலுமினியத் தாள் ஒன்றைச் சுவரில் நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டி ஓரிரு நாள் விட்டோம். அறைக் காற்றின் ஈரம் குளிர்ந்து படிவதாக இருந்தால் நீர்த்துளி தாளின் வெளிப்புறம் நிற்கும். சுவருக்குள்ளிருந்து வருவதாக இருந்தால் தாளின் பின்புறம் நனையும். பின்புறம்தான் நனைந்தது. அடுத்து, மேல் வீட்டாரின் ஒத்துழைப்போடு அவர்களுடைய குழாய்கள் அனைத்தையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைப் பார்த்தோம். முள் அசையவில்லை, எனவே அழுத்தத்தில் ஓடும் குழாய் உடையவில்லை என்று தெரிந்தது. எஞ்சியது பயன்படுத்திய பிறகு வெளியேறும் தண்ணீர். தீர்ப்பாயத்துக்கு மனு போன பின் நிர்வாகம் அனுப்பிய குழாய்ப் பணியாளர், மேல் வீட்டு ஷவர் தளத்தின் வடிகாலை அடைத்து, சாயம் கலந்த தண்ணீரை அதில் தேக்கி வைத்தார். மறுநாள் காலை ஆயாவின் சுவரில் அந்தச் சாயம் தெரிந்தது.

ஷவர் தளமும் சுவரும் சேரும் இடத்தில் நீர்க்காப்புப் பூச்சு விட்டுப்போயிருந்தது. டைல்ஸ் இடுக்குகள் வழியாக இறங்கிய தண்ணீர் காங்கிரீட் தளத்துக்குள் பதிக்கப்பட்டிருந்த மின்கம்பிக் குழலைப் பிடித்துக்கொண்டு ஓடி, குளியலறைக்கு நேர் கீழே இறங்காமல், பக்கத்துப் படுக்கையறையின் மூலையில் வெளிப்பட்டது. குளியலறைக்குக் கீழே ஈரம் இல்லையே என்று அலுவலகம் சந்தேகப்பட்டதற்கு விடை இதுதான். அதே குழலில்தான் ஆயாவின் படுக்கையறை விளக்குக்கான கம்பியும் இருந்தது. அந்த விளக்கு மினுக்குவதாக அவர் இரண்டாவது புகாரிலேயே சொல்லியிருந்தார். பயந்துபோய் அதைப் போடாமல், நடைவழி விளக்கின் வெளிச்சத்தில் இரவுகளைக் கழித்து வந்தார். தண்ணீரும் மின்சாரமும் ஒரே குழலில் இருக்கக்கூடும் என்ற தகவல் அந்த ஒரு சொல்லில் இருந்தது. அவசர ஆபத்தாக எண்ணி அன்றே ஆள் அனுப்பியிருக்க வேண்டிய புகார் அது. பதிவேட்டில் 'பல்ப் மாற்ற வேண்டும்' என்று அது சுருங்கியிருந்தது.

இன்னொன்றும் வெளிப்பட்டது, என்னைப் பொறுத்தவரை இந்த ஆய்வின் மிக முக்கியமான கண்டறிதல் அதுவே. மேல் வீட்டுப் பெண்மணியும் புகார் செய்திருந்தார். தங்கள் ஷவரில் டைல்ஸ் ஆடுகிறது, தண்ணீர் மெதுவாக இறங்குகிறது என்று ஆயாவின் முதல் புகாருக்கும் முன்பே அவர் எழுதிக் கொடுத்திருந்தார். 'அழகு சார்ந்த குறை, அவசரமில்லை' என்று அது ஒதுக்கப்பட்டது. பதிவேடு வீட்டு எண்ணின் வரிசையில் இருந்ததால், மேலும் கீழும் இருந்த இரண்டு வீடுகளின் புகார்களை ஒருவரும் சேர்த்து வைத்துப் பார்க்கவில்லை. ஒரே வியாதியின் இரண்டு அறிகுறிகளை இரண்டு வைத்தியர்கள் தனித்தனியே பார்த்து இருவரையும் நலம் என்று அனுப்பிவிட்டதுபோல் ஆயிற்று. இதனிடையே அலுவலகத்தில் யாரோ 'மேல் வீட்டாரிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்' என்று ஆயாவிடம் சொல்லியிருந்தார்கள். பேசப் போன இடத்தில் வார்த்தை தடித்து, பல மாதங்கள் இரு வீட்டாரும் படிக்கட்டில் முகம் பார்க்காமல் போய்வந்தார்கள். இந்தியரும் ஆப்பிரிக்கரும் அருகருகே வாழும் இந்நகரில் அப்படிப்பட்ட மனத்தாங்கல் எதில் போய் முடியும் என்பதை அறிந்தவர்கள், தங்கள் கடமையைக் குடியிருப்பவர்கள் தலையில் கட்டியிருக்கக் கூடாது. காலண்டரைக் காட்டி விளக்கிய பிறகு, சோதனைக்கு முதலில் கதவைத் திறந்துவிட்டவர் அந்த மேல் வீட்டுப் பெண்மணிதான்.

தீர்ப்பாயத்துக்குப் போகும் முன் ஆயாவின் பிள்ளைகள் வாடகையை நிறுத்திவிடலாம் என்றார்கள். அந்தக் கோபம் நியாயமானது, வழி ஆபத்தானது. தீர்ப்பாயத்தில் புகார் கொடுத்த நாளிலிருந்து தீர்ப்பு வரும் வரை அல்லது மூன்று மாதம் வரை, இவற்றில் எது முந்தியதோ அதுவரை, வீட்டுக்காரர் வெளியேற்றக் கூடாது, தேவையான பராமரிப்பைச் செய்ய வேண்டும் என்று வாடகை வீட்டுவசதிச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. குடியிருப்பவர் வாடகையைத் தொடர்ந்து கட்ட வேண்டும் என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. பாக்கி ஏற்பட்டால் பேச்சு சுவரை விட்டுப் பாக்கிக்குத் தாவிவிடும். எனவே வாடகையைக் கட்டிக்கொண்டே, அதைக் குறைக்கக் கோரினோம். பழுதான வீட்டில் தொடர்ந்து குடியிருப்பவரும் வாடகைக் குறைப்புக் கோரலாம் என்பதை ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் 2007இல் எம்பாங்கே வழக்கில் ஏற்றுக்கொண்டது. தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

மனுவில் ஓதத்தை மட்டும் எழுதாமல், வந்தவர்கள் நடந்துகொண்ட விதத்தையும் தனிப் பத்தியாக எழுதினோம். ஆயா கோயிலுக்குப் போயிருந்த ஒரு காலையில், ஜன்னலுக்குச் சிலிக்கான் பூச வந்தவர்கள் அலுவலகத்தின் மாற்றுச் சாவியால் உள்ளே வந்து, கட்டிலை நகர்த்துவதற்காகச் சாமி மேடையைத் தூக்கி நடைவழியில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவர் திரும்பி வந்தபோது விளக்குச் சாய்ந்து எண்ணெய் பாயில் கொட்டிக் கிடந்தது. குடியிருப்பவருக்குத் தனிமை உரிமை உண்டு, நியாயமான முன்னறிவிப்புக்குப் பிறகு நியாயமான முறையில் மட்டுமே வீட்டைப் பார்வையிடலாம் என்று அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. இதை எல்லாம் எழுத வேண்டுமா, பழுதைச் சரிசெய்தால் போதாதா என்று ஆயாவே தயங்கினார். எழுதத்தான் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முன்னறிவிப்பு இல்லாத வருகையும், சட்டிகளைப் படம் எடுத்ததும், விளக்கைக் குற்றவாளி ஆக்கியதும் ஒரே பழக்கத்தின் வெவ்வேறு பக்கங்கள். குடியிருப்பவரின் சொல்லுக்கு மதிப்பு இருந்திருந்தால் அந்தக் காலண்டரை அவர்கள் அக்டோபரிலேயே பார்த்திருப்பார்கள். பழுதும் ஓராண்டுக்கு முன்பே தீர்ந்திருக்கும்.

சமரசப் பேச்சில் எட்டிய உடன்பாட்டின்படி மேல் வீட்டு ஷவர் தளம் முழுவதும் பெயர்க்கப்பட்டுப் புதிய நீர்க்காப்புப் பூச்சு இடப்பட்டது, மின்கம்பி புதிய தடத்தில் இழுக்கப்பட்டது, சுவர் காயும் வரை காத்திருந்து பிறகே பூச்சு வேலை நடந்தது. பாதிக்கப்பட்ட மாதங்களுக்கு வாடகையில் ஒரு பகுதி கழிக்கப்பட்டது. மூன்றாவது வேலைச் சீட்டின் வாசகம் தவறானது என்ற குறிப்பைக் கோப்பில் சேர்க்கவும் நிர்வாகம் இசைந்தது. ஆயா விடாப்பிடியாகக் கேட்டது இந்தக் கடைசி அம்சத்தைத்தான்; பணத்தைப் பற்றி அவர் ஒரு முறைகூடப் பேசவில்லை. பூஞ்சை பிடித்து வீணான மர அலமாரிக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. எழுத்தில் மன்னிப்பும் கிடைக்கவில்லை. அந்த இரண்டையும் மறுத்தது சரியல்ல என்றே எண்ணுகிறேன்.

பராமரிப்புத் தரம் என்று ஒன்றை நிர்வாகங்கள் எழுதி வைத்தால், காலக்கெடுவோடு வேறு சிலவும் அதில் இருக்க வேண்டும் என்பதை இந்த விவகாரம் காட்டுகிறது. காரணம் கண்டறியப்படாத ஓதத்தின் மேல் வெள்ளையடிப்பதை வேலையாகக் கணக்கிடக் கூடாது. ஒரே குழாய்த் தடத்தில் மேலும் கீழும் உள்ள வீடுகளின் புகார்களை ஒரே பக்கத்தில் பதிய வேண்டும். இதற்குப் பெரிய கணினி முறை எதுவும் தேவையில்லை, ஒரு நோட்டுப் புத்தகமே போதும். ஈரமானி வைத்து அளக்காமல், சுவருக்குள்ளிருந்து வரும் தண்ணீரை விலக்காமல், குடியிருப்பவரின் சமையலையும் வழிபாட்டையும் துணி உலர்த்தலையும் காரணமாக எழுத எந்த மேற்பார்வையாளருக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது. புகாரை மூடும் சீட்டில், பழுது தீர்ந்தது என்று குடியிருப்பவர் கையெழுத்திட வேண்டும். தீரவில்லை என்றால் அதை அவர் தம் மொழியில் எழுத இடம் இருக்க வேண்டும். ஆயாவுக்கு ஆங்கிலம் பேச வரும், எழுத வராது. அவருடைய முதல் இரண்டு புகார்களையும் அலுவலக ஊழியரே எழுதிக்கொண்டார், விளக்கு மினுக்குவது பல்பாக மாறியது அப்படித்தான்.

அந்தக் கட்டடத்தின் மற்ற ஷவர் தளங்களும் ஒரே ஒப்பந்தக்காரரால் ஒரே சமயத்தில் போடப்பட்டவை. உடன்பாட்டில் அவற்றைச் சோதிக்கும் கடப்பாடு சேர்க்கப்படவில்லை. சேர்க்கச் சொல்லிக் கேட்டோம், ஒரு வீட்டின் மனுவில் மற்ற வீடுகளைப் பற்றிப் பேச முடியாது என்று நிர்வாகத்தின் தரப்பு சொல்லிவிட்டது. ஆகவே இப்போது மேல் வீட்டுப் பெண்மணியும் ஆயாவும் மாடி மாடியாகப் போய், எந்த வீட்டில் டைல்ஸ் ஆடுகிறது, எந்தச் சுவரில் வட்டம் விழுந்திருக்கிறது என்று கேட்டு எழுதி வருகிறார்கள். ஒருவர் ஜூலுவிலும் ஒருவர் தமிழும் ஆங்கிலமும் கலந்தும் கேட்கிறார்கள். பட்டியல் முடிந்ததும் அனைத்து வீடுகளின் பெயரிலும் சேர்த்து ஒரே மனுவாகக் கொடுக்க இருக்கிறோம்.